ஐந்நூறு அடி ஓட வேண்டிய கவிதை: நெடுங்கவிதை எழுதும் முறை

பத்து வரிக் கவிதையை நன்றாக எழுதுகிறவர்கள் நெடுங்கவிதையில் தடுக்கி விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒவ்வொரு வரியும் மின்ன வேண்டும் என்று நினைத்து எழுதுகிறார்கள். பத்து வரிக்கு அது சரி. ஐந்நூறு அடிக்கு அப்படி எழுதினால் இருபதாவது அடியிலேயே கண் கூசும். ஐம்பதாவது அடியில் வாசகர் மூடி வைத்துவிடுவார். நெடுங்கவிதையில் பத்துக்கு ஆறேழு அடி, ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சாதாரண அடியாகத்தான் இருக்கும். அந்தச் சாதாரண அடியை ஓசை கெடாமல், சப்பென்று போகாமல் எழுதப் பழகுவதே இதில் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் குறிப்பு முழுக்க ஒரே எடுத்துக்காட்டுதான் வரும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல். அது சாய்த்துப்போட்ட, பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்பு ஒன்று. அந்தத் தோப்புக்கார ஆயா. தோப்பும் ஆயாவும் கற்பனை. புயல் நிஜம்.

எவ்வளவு நீளம்?

பத்துப்பாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முல்லைப்பாட்டு 103 அடி, நெடுநல்வாடை 188, பட்டினப்பாலை 301, மதுரைக்காஞ்சி 782. நூறு அடியிலேயே ஒரு முழு நெடும்பாட்டு அமைந்துவிடும் என்பதற்கு முல்லைப்பாட்டே சாட்சி. முதல்முறை எழுதுகிறவர் 300 முதல் 500 அடிக்குள் திட்டமிடுவது நல்லது. சீர் என்பது நேர், நிரை என்ற அசைகள் சேர்ந்த ஓசைத் துண்டு. நாற்சீர் அடியாக நிதானமாக வாய்விட்டுப் படித்தால் நூறு அடிக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் பிடிக்கும். 480 அடி என்றால் அரைமணி. அரங்கில் ஒருவர் தனியாக நின்று படித்துக் கேட்பவர் பொறுமையாக உட்காரக்கூடிய நேரம் அவ்வளவுதான். 150 அடிக்குக் குறைந்தால் பகுதி பிரிக்கத் தேவையில்லை. 800-ஐத் தாண்டினால் ஒரே ஆள், ஒரே சிக்கல் போதாது. இரண்டாவது கதையிழை வேண்டும்.

எந்தப் பொருள் தாங்கும்?

“புயலின் சீற்றம்” நாற்பது அடிக்கு மேல் தாங்காது. காற்று அடித்தது, மரம் விழுந்தது, மழை பெய்தது. அதற்குப் பிறகு அதையே வேறு சொல்லில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். “ஆயா நிலத்தை விற்பாளா, மறுபடி நடுவாளா” என்றால் அது ஐந்நூறு அடியைச் சுமக்கும். காரணம், அதில் முடிவாகாத ஒன்று இருக்கிறது, எதிரெதிராக இழுக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள், விற்கச் சொல்லும் மகனும் வாயே திறக்காத ஆயாவும், காலமும் நகர்கிறது. முந்திரி ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே மூன்றாண்டு ஆகும். பொருளே இவ்வளவு காலத்தைக் கையில் கொடுத்துவிடுகிறபோது அதை விட்டுவிட்டு ஒரே இரவை நீட்டி முழக்குவது வீண்.

எழுத உட்காருமுன் கவிதையின் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அது கேள்விக்குறியில் முடியவில்லை என்றால் பொருள் இன்னும் கனியவில்லை. “புயல் விவசாயிகளின் வாழ்வைச் சிதைத்தது” என்பது செய்தித் தலைப்பு.

தகவல் சேர்ப்பு

நெடுங்கவிதைக்குக் கற்பனையைவிடத் தகவல் அதிகம் வேண்டும். சிறு கவிதை ஒரு காட்சியை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். நானூறு அடியில் பெயரும் பொருளும் தீர்ந்துபோனால் உடனே “இருள்”, “மௌனம்”, “காலம்”, “காயம்” என்று பொதுச்சொற்கள் வந்து நிரப்பத் தொடங்கும். இதைத் தடுக்க ஒரே வழி, முன்கூட்டி ஏழெட்டுப் பக்கம் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வது. தோப்பில் என்ன ரகம்? விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் கொடுத்த முந்திரி ரகமான வி.ஆர்.ஐ. 3 என்பது அந்த வட்டாரத்தில் வாயில் புழங்குகிற பெயர். கவிதையில் ஒருமுறை வந்தால் நிலம் கண்முன் நிற்கும். கொட்டை உடைப்பவர் விரலைக் கறுப்பாக்குவது எது? ஓட்டில் இருக்கும் எண்ணெய், அது தோலை வெந்துபோகச் செய்யும். மின்சாரம் போனால் அடுத்து எது நிற்கும்? போர்செட். அதனால் எது வாடும்? இப்படிக் கேள்வியிலிருந்து கேள்விக்குப் போய்க் குறித்துக்கொள்ளுங்கள்.

தகவல் பிழை யாப்புப் பிழையைவிட மோசம். “விடியும் முன்னே காற்று நின்றது” என்று ஒருவர் எழுதினால் ஓசை நன்றாகவே இருக்கும். ஆனால் தானே கரையைக் கடந்ததே காலை ஆறரைக்கு மேல்தான். கடலூர்க்காரர் யாரும் அந்த அடியைத் தாண்டி உங்களை நம்பமாட்டார்கள். மாவட்ட மைய நூலகத்திலோ, புதுச்சேரியில் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ, 2011 டிசம்பர் 31 தொட்டு ஒரு வாரத்து நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வழக்குக்குக் கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதைவிட நல்ல வழி, பலாப்பழம் இறங்குகிற நாளில் பண்ருட்டி மண்டியில் அரைநாள் சும்மா நிற்பது.

சட்டம் கட்டுதல்

பகுதி பகுதியாக அடிக்கணக்கு போடாமல் தொடங்குகிறவர் இருநூறாவது அடியில் திகைத்து நிற்பார். எடுத்துக்காட்டுக் கவிதைக்கு இப்படி ஒரு கணக்கு போடலாம்: காற்று ஓய்ந்த நண்பகல் 60 அடி, தோப்பு உருவான முப்பது வருடம் 120, புயல் இரவு 90, சேதக் கணக்கெடுப்பு 70, விறகு வியாபாரி வருகை 80, ஒட்டுக்கன்று 60. மொத்தம் 480. புயல் இரவு மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். புயல் வந்தது வாசகருக்கு முன்பே தெரியும். அதை முதலில் வைத்தால் உச்சத்தை முதல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டு மீதியைக் கடனில் ஓட்ட வேண்டி வரும். தோப்பு எப்படி வளர்ந்தது என்று தெரிந்த பிறகு அது விழுவதைப் பார்த்தால்தான் வலிக்கும்.

சட்டத்துக்குப் பல வடிவங்கள் நம் மரபிலேயே இருக்கின்றன. பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ முதற்பகுதி விடியல் முதல் இரவு வரை ஒரே நாளைச் சட்டமாகக் கொள்கிறது. எளிமையானது, தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பானது. நெடுநல்வாடை மழையில் தொடங்கி, ஊர், அரண்மனை, கட்டில், அதில் கிடக்கும் அரசி என்று உள்ளே உள்ளே போய், பிறகு ஒரே தாவலில் பாசறைக்குப் போகிறது. அத்தனை அடி உள்ளே போனதால்தான் அந்தத் தாவல் அதிர்கிறது. வடலூர் வள்ளலார் 1872-இல் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி. அதன் தொடக்கக் கண்ணிகள், அதாவது ஈரடித் தொகுதிகள், அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்து வரிசையில் நடக்கின்றன. கதையே இல்லாத நீண்ட துதிக்கு இப்படி வெளியிலிருந்து ஒரு வரிசை கொடுப்பது நல்ல தந்திரம். புயல் கவிதைக்கு அது பொருந்தாது; ஆனால் ஊரைப் பற்றியோ கெடிலத்தைப் பற்றியோ கதையில்லாமல் எழுத நினைப்பவர் பிறப்பிடத்திலிருந்து கடல்வரை ஆற்றின் போக்கையே வரிசையாக எடுத்துக்கொள்ளலாம்.

எந்த யாப்பு?

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். தனக்குக் கைவந்த ஒரே பாவில் ஐந்நூறு அடியையும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. ஒவ்வொரு பாவுக்கும் அது நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு, சொதப்பும் வேலை ஒன்றும் உண்டு.

கதை நடத்த ஆசிரியப்பாவை, அதாவது அகவலை, மிஞ்சியது இல்லை. அடிக்கு நான்கு சீர். மா (நேரில் முடிவது), விளம் (நிரையில் முடிவது) என்ற ஈரசைச் சீர் பெரும்பான்மை, நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீர் அங்கொன்று இங்கொன்று, நிரையில் முடியும் மூவசைக் கனிச்சீர் வேண்டாம். எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது, கட்டாயமில்லை. மோனை, அதாவது முதலெழுத்து ஒத்து வருவது, அடிக்கு ஒன்று இருந்தால் போதும். ஈற்றடி ஏகாரத்தில் முடிவது வழக்கம். எல்லா அடியும் நாற்சீராக வந்தால் நிலைமண்டிலம்; ஈற்றுக்கு முந்தைய அடி முச்சீரானால் நேரிசை. பேச்சுக்கு மிக அருகில் நிற்கிற ஓசை என்பதால் சாதாரண அடியை இது கூச்சமில்லாமல் சுமக்கும்:

உச்சிப் பொழுதில் ஓய்ந்தது காற்று;
எழுந்து வந்தாள் ஆயா வெளியே;
பலாவைத் தேடிப் பார்த்தாள், அங்கே
பலாவின் உயரம் வானம் இருந்தது.

முதல் மூன்று அடியிலும் அலங்காரம் எதுவும் இல்லை. நேரம் சொல்கிறது, ஆளை வெளியே கொண்டுவருகிறது, கண்ணைத் திருப்புகிறது. நான்காவது அடி தனியே நிற்க முடிவது அதனால்தான். இதையே மின்ன வைக்கிற ஆசையில் எழுதினால் இப்படி ஆகும்:

இரவின் கருப்பையில் இடி ஈன்ற காற்று
பச்சை வாள்களாய் உடைந்த பலா
வானத்தின் வெட்டுக்காயமாய் விடியல்
ஆயாவின் கண், வற்றிய கெடிலம்

நான்கு வரிக்கு நான்கு உருவகம். ஆனால் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, ஆயா எங்கே நிற்கிறாள், ஒன்றும் தெரியாது. ஐந்தாவது வரிக்குப் போகக் காரணமும் இல்லை.

கலிவெண்பா அகவலைவிட இழுவையும் இனிமையும் கூடியது. பாரதி புதுச்சேரியில் எழுதிய ‘குயில் பாட்டு’, பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ இரண்டும் இந்த நடையில் ஓடுபவை. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று சீரோடு சீர் சேரும் விதியான வெண்டளை ஓரிடத்திலும் பிசகக்கூடாது. பதின்மூன்று அடிக்குக் குறையக்கூடாது. ஈற்றடி முச்சீராகி நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும். இதில் வருகிற நோய் அடைசொல். “தானே புயல்வந்து தாக்கும் பொழுதினிலே” என்று எழுதினால் தளை தட்டாது. ஆனால் “பொழுதினிலே” என்பதில் “போது” என்கிற ஒரு துளி பொருள்தான் இருக்கிறது. மீதி, காய்ச்சீர் வேண்டுமென்று ஊதிப் பெருக்கியது. “தன்னில்”, “அதனாலே”, “நன்றாய்”, “தானும்” போன்றவை பத்தடிக்கு இரண்டுக்கு மேல் வந்தால் நீங்கள் எழுதவில்லை, அடைக்கிறீர்கள்.

விருத்தம் உணர்ச்சி தேங்கி நிற்கிற இடத்துக்கு. நான்கு அடியும் அளவொத்து, நான்கிலும் ஒரே எதுகை வர வேண்டும். எண்சீரில் அரையடிக்குக் காய், காய், மா, தேமா என்ற வாய்பாடு பழகுவதற்கு எளிது:

முந்திரிப்பூ வாசத்தில் மூழ்கி நின்ற
முப்பதாண்டுத் தோப்பெல்லாம் மண்ணில் சாய

இது ஓரடி. இன்னும் மூன்று அடி இதே ‘ந்’ எதுகையில் தொடங்க வேண்டும். ஆகவே விருத்தம் எழுதும்முன் எதுகைச் சொற்களைப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: சிந்தி, வந்து, தந்த, பந்தல், வெந்த, நொந்து. முதலெழுத்து குறிலுக்குக் குறிலாக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். “காந்தி” இந்த வரிசையில் சேராது. பட்டியலில் பொருளோடு ஒட்டும் சொல் நான்கு தேறவில்லை என்றால் முதலடியையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கதையில் பந்தலே போடாத இடத்தில் பந்தல் வந்து நிற்கும். எதுகைக்காக வந்த சொல்லை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதை ஒளித்துவைக்க வழியே இல்லை. தொடர்ந்து ஏழெட்டு விருத்தத்துக்கு மேல் போட்டால் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். இரண்டு, மூன்று போட்டுவிட்டு அகவலுக்குத் திரும்புங்கள்.

ஓட்டமும் சண்டையும் கூச்சலும் வரும் இடத்துக்கு, தாளத்தோடு பாடும் இசைப்பாட்டு வடிவமான சிந்து. ‘பாஞ்சாலி சபதம்’ ஐந்து சருக்கத்திலும் நொண்டிச் சிந்தும் விருத்தங்களும் எங்கெங்கே மாறுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள், எவ்வளவு அவசரம் என்பதற்கேற்பப் பாட்டு மாறுவது தெரியும். எடுத்துக்காட்டுக் கவிதையில் அகவல் 360 அடி, புயல் இரவுக்குச் சிந்தில் 90, ஆயாவின் புலம்பலுக்கு எண்சீர் விருத்தம் ஏழில் 28 அடி, கடைசியில் மீதமுள்ள இரண்டு அடி தனியாக என்று கலவை போடலாம். பாவகை மாறும் இடத்தில் கதையிலும் ஏதாவது மாற வேண்டும். சும்மா அலுப்புக்காக மாற்றினால் அது தெரியும்.

புணர்ச்சி பற்றி ஒரு சொல். இன்றைய வாசகருக்காகச் சொற்களைப் பிரித்தே அச்சிடுங்கள். “வந்தவ னங்கே” என்பதை “வந்தவன் அங்கே” என்று எழுதினாலும் சீர் மாறாது. ஆனால் உகரத்தில் முடிந்த சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் கதை வேறு. “வந்து ஆடினான்” தேமா, கூவிளம் என்று இரண்டு சீர். சேர்த்தால் “வந்தாடினான்” தேமாங்கனி, ஒரே சீர். கவிதை முழுக்க எந்த வழி என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை அந்தச் சந்திப்பையே தவிர்த்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபம்.

யாப்பே வேண்டாம், புதுக்கவிதையாகத்தான் எழுதுவேன் என்பவருக்கும் அடிப்படை அளவு ஒன்று தேவை. வரிக்கு மூன்று முதல் ஐந்து சொல் என்று வைத்துக்கொண்டு, உச்சமான இடத்தில் மட்டும் ஒற்றைச்சொல் வரியாகவோ நீண்ட வரியாகவோ உடையுங்கள். அளவே இல்லாத நானூறு வரியில் எந்த உடைப்புக்கும் அர்த்தம் இருக்காது.

வரைவு எழுதும்போது

ஒரு நாளைக்கு இருபது அடி நல்ல வேகம். அறுபது அடி எழுதிய நாளில் பாதிக்கு மேல் அடித்துவிட வேண்டியிருக்கும். முதல் பகுதியை முடித்ததும் அடுத்ததாகக் கடைசிப் பகுதியைக் கரடுமுரடாகவாவது எழுதி வைத்துவிடுங்கள். போய்ச் சேரும் இடம் தெரிந்தால் நடுவில் எதைத் தூவி வைக்க வேண்டும் என்பது தெரியும்.

பக்கத்தில் ஒரு தாளில் தொடர்ச்சிக் குறிப்பு வையுங்கள். ஆயாவின் வயது, பலா எத்தனை, முந்திரி எத்தனை, மகன் எந்த ஊரில் இருக்கிறான், புயலுக்குப் பிறகு செல்போன் எப்போது உயிர் பெற்றது, கிணறு எந்தப் பக்கம். இரண்டாம் பகுதியில் பதினான்கு பலா இருந்து ஐந்தாம் பகுதியில் விறகுக்காரர் இருபது பலாவுக்கு விலை பேசினால் கவிதை அங்கேயே சரிந்துவிடும். கதையாசிரியருக்கு இருக்கிற இந்தக் கவனம் கவிஞருக்கு வேண்டியதில்லை என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பேச்சு வரும் இடங்களில் “என்றாள்”, “என்றான்” குவியும். அகவலில் அது இரண்டு அசையை விழுங்கிவிடும். இரண்டு வழி உண்டு: பேச்சு மொழியிலேயே ஆளை அடையாளம் காட்டுவது, அல்லது பேச்சைக் குறைத்து ஒரே அடியில் முடிப்பது.

விறகுக் காரன் விலையைச் சொன்னான்;
“வேரும் சேர்த்தா?” என்றாள் ஆயா.

அவள் துக்கத்தைப் பத்து அடியில் விளக்கியிருந்தாலும் இந்த ஒரு கேள்வி அளவுக்குப் போயிருக்காது. வட்டார வழக்கைப் பேச்சில் மட்டும் வையுங்கள். கதை சொல்லும் குரல் பொதுநடையிலேயே இருக்கட்டும். இரண்டும் கலந்தால் யார் பேசுகிறார்கள் என்றே குழம்பும்.

பட்டியலும் பல்லவியும்

நெடும்பாட்டுக்குப் பட்டியல் பெரிய பலம். குறிஞ்சிப்பாட்டு 261 அடி. அதில் 99 பூக்களின் பெயர் மூச்சுவிடாமல் வருகிறது. பெயர்களின் ஓசை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போவதால் அது சலிப்பதில்லை. பட்டியலைப் பொருள் வரிசையில் அடுக்காமல் ஓசை வரிசையில் அடுக்குங்கள். கடைசிப் பொருள் கதையை அடுத்த இடத்துக்குத் தள்ளுவதாக இருக்கட்டும். புயலுக்குப் பிறகு திண்ணையில் ஆயா எடுத்து வைத்தவை:

அரிவாள், மண்வெட்டி, அறுந்த கயிறு,
ஒருபக்கம் நசுங்கிய அலுமினியக் குண்டான்,
விறகுக் காரன் விலாசச் சீட்டு.

மூன்றாவது அடி வந்ததும் அவள் விற்க யோசிக்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. தனியாகச் சொல்ல வேண்டாம். காய்ச்சீர்கள் இரண்டாம் அடியில் நெருக்கியடிப்பது அகவலுக்குக் கொஞ்சம் கனம்தான். பட்டியலில் மட்டும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பட்டியல் எட்டு அடிக்கு மேல் வேண்டாம். கவிதை முழுக்க மூன்று போதும்.

பல்லவியாகத் திரும்பி வரும் அடி, 480 அடியில் நான்கைந்து இடத்துக்கு மேல் வரக்கூடாது. வள்ளலார் அகவலில் கண்ணிக்குக் கண்ணி ஒரே சொல் திரும்புவது ஓதுவதற்காக. அங்கே திரும்பத் திரும்ப வருவதே நோக்கம். கதைக்கவிதையில் அப்படிச் செய்தால் வண்டி நகராது. வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லாவது மாறியிருக்க வேண்டும். “பலாவின் உயரம் வானம் இருந்தது” என்பது கணக்கெடுப்பு நாளில் “பலாவின் உயரம் வெயிலே இருந்தது” ஆகலாம். நிழல் போனது அங்கே சொல்லாமல் தெரிகிறது.

நடுவில் தொய்வு

பாதியைத் தாண்டியதும் கவிதை அமுங்கும். பெரும்பாலும் 220-க்கும் 320-க்கும் இடையில். இதற்கு உவமையைக் கூட்டுவது தவறான மருந்து. குரலின் நிறத்தை மாற்றுங்கள். ‘குயில் பாட்டு’ நடுவில் குரங்கும் மாடும் வருவதை நினைத்துப் பாருங்கள்: குயில் மனிதனிடம் சொன்ன காதலை அப்படியே குரங்கிடமும் மாட்டிடமும் சொல்கிறது. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிற அந்த இடம் இல்லையென்றால் பின்னால் வரும் பூர்வ ஜன்மக் கதையின் உருக்கம் தாங்காது. தானே கவிதையில் அந்த வேலையைக் கணக்கெடுப்புப் பகுதி செய்யலாம். எழுபது அடியும் படிவத்தின் மொழியிலேயே போகட்டும்: வரிசை எண், பட்டா எண், மரத்தின் வயது, “முழுச் சேதமா, பகுதிச் சேதமா”. சாய்ந்து கிடந்தாலும் ஒரு கிளை தளிர்விட்ட மரம் எந்தக் கட்டத்தில் வரும்? இதில் நகைச்சுவை தானாக வரும், அழுகையும் வரும்.

தொய்வுக்கு இன்னொரு காரணம், அந்த நூறு அடியில் யாரும் எந்த முடிவும் எடுக்காதது. ஒவ்வொரு நாற்பது அடியிலும் யாராவது ஒரு செயலைச் செய்கிறார்களா என்று விளிம்பில் கோடு போட்டுப் பாருங்கள். கோடு இல்லாத நீளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்ட வேண்டும்.

முடிவு

கடைசி இருபது அடியில் கவிஞர் மேடையேறிப் பேசத் தொடங்குவது நம்மூர் நெடுங்கவிதைகளின் பழைய வியாதி. “இயற்கையைக் காப்போம்”, “உழவனே எழு” என்று போனால் அதுவரை வந்த ஆயா காணாமல் போய்விடுவாள். முதல் பகுதியில் எழுப்பிய கேள்விக்கு ஒரு செயலால் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விறகுக்காரர் கொடுத்த முன்பணத்தில் அவள் ஒட்டுக்கன்று வாங்கி வருகிறாள் என்பதே போதுமான பதில். அது முழு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பல்லவி கடைசியாக வரும் அடி “கன்றின் உயரம் நிழலும் உண்டே” என்று ஏகாரத்தில் முடிந்தால் அகவலின் இலக்கணமும் நிறைவேறும். அதற்குப் பிறகு ஓரடி கூட வேண்டாம்.

திருத்தம்

வரைவை முடித்ததும் இரண்டு வாரத்துக்கு அதைக் கையில் எடுக்காதீர்கள். பிறகு மூன்று தடவை போங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறையை மட்டும் தேடுங்கள்.

முதல் தடவை “போல”, “ஆக”, “ஆய்” என்று வரும் உவமை உருவகங்களை எல்லாம் வட்டமிடுங்கள். பதினைந்து அடிக்கு ஒன்று தாராளம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால் பலவீனமானதை எடுத்துவிடுங்கள். இரண்டாம் தடவை அடைசொல்லும் எதுகைக்கு வந்த சொல்லும். அந்த அடியை உரைநடையாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உரைநடையில் நீங்களே விட்டுவிடுகிற சொல் கவிதையிலும் தேவையில்லை. அடியே கலைந்துபோனால் கலையட்டும், புதிதாகக் கட்டுங்கள். மூன்றாம் தடவை வாய்விட்டுப் படித்துச் செல்போனில் பதிவு செய்து, தாளைப் பார்க்காமல் கேளுங்கள். நாக்கு தடுமாறிய இடம், தளை சரியாக இருந்தாலும், ஓசை கெட்ட இடம். ‘ற்ற’, ‘ட்ட’, ‘க்க’ என்று வல்லினம் தொடர்ந்து முட்டுகிற அடிகள் புயல் இரவில் இருக்கலாம். ஒட்டுக்கன்று நடும் இடத்தில் இருக்கக்கூடாது.

யாப்பு தெரிந்த ஒருவரிடமும், தோப்பு தெரிந்த ஒருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டாமவர் சொல்கிற திருத்தத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி எந்த மாதம் பூக்கும் என்பதில் நீங்கள் தப்பினால் எந்தத் தளையும் காப்பாற்றாது.

அச்சுக்குப் போகும்போது

டெம்மி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 26 அடி வசதியாக நிற்கும். 480 அடிக்குப் பத்தொன்பது பக்கம். ஒவ்வொரு பகுதியும் புதுப்பக்கத்தில் தொடங்கினால் இருபத்துநான்கை ஒட்டி வரும். முன்பக்கங்கள் சேர்த்தால் பதினாறு பக்க ஃபாரம் இரண்டு, அதாவது 32 பக்கம். விருத்தம் பக்கத்தின் நடுவே உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். எண்சீர் அடியை அரையடியாக மடித்து, இரண்டாம் பாதியைச் சற்று உள்தள்ளி அச்சிட வேண்டும் என்பதையும் எழுதியே கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பவர் அதை எட்டு அடி விருத்தம் என்று நினைத்துக்கொண்டு இடமிருந்து நேராக அடுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பகுதித் தலைப்புக்குப் படம் போடுவதாகச் சொன்னால், விழுந்த மரத்தின் படத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.